தட்டிலேயே தெரிந்துவிடும் குணம்

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் அணைத்துவிட்டால் நன்றாக இருக்கும். புழுக்கத்தைப் பொறுத்துக்கொள்வேன், தலைக்கு மேல் ஒன்று கறக் கறக்கென்று பேசிக்கொண்டே இருப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியாது. நன்றி. இனி எதை வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்கிறேன். இந்த விசாரணைக்கு வக்கீல் வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டீர்கள். வேண்டாம். வக்கீல்கள் நிறையப் பேசுவார்கள், எனக்குத் தலைவலி வந்துவிடும்.

என் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு குழப்பம் வரக்கூடாது. குழந்தை இல்லாதவர்கள் எங்கள் மையத்துக்கு வருவார்கள். மனைவியின் கருமுட்டையையும் கணவனின் விந்தணுவையும் கண்ணாடித் தட்டில் சேர்த்துக் கருவாக்கி, சூடு மாறாத ஒரு பெட்டிக்குள் ஐந்து நாள் வளர்ப்போம். அதில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் டாக்டரம்மா அதைத் தாயின் கருப்பையில் வைப்பார். மிச்சத்தை உறையவைத்துப் பத்திரப்படுத்துவோம். பின்னால் இன்னொரு குழந்தை வேண்டுமென்று வந்தால் உதவும். அந்தத் தேர்ந்தெடுக்கிற ஆள்தான் நான்.

கூடவே ஓர் ஆராய்ச்சியும் நடந்தது. கரு வளர்கிற பெட்டிக்குள்ளேயே கேமரா வைத்திருந்தோம். சில நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் ஐந்து நாள் வளர்ச்சியும் ஒரு குட்டிப் படமாக ஓடும். எந்தக் கரு கருப்பையில் தங்கும், எது தங்காது என்று அந்தப் படத்தைப் பார்த்தே மார்க் போடக் கம்ப்யூட்டருக்குப் பழக்கிக்கொண்டிருந்தோம். அதற்காக நாள் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து கருக்களின் படம் பார்ப்பேன். நர்சுகள் எனக்குத் 'தியேட்டர்காரர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கேலிதான். ஆனால் படம் ஓடும்போது பேசக்கூடாது என்று நினைத்தோ என்னவோ, யாரும் என் அறைக்கு வந்து பேச்சுக் கொடுத்ததில்லை. அந்த விதத்தில் எனக்கு அந்தப் பெயர் பிடித்தேயிருந்தது.

நீங்களும் என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருந்தால் நான் கண்டதைத்தான் கண்டிருப்பீர்கள். ஆரம்பத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஓர் உருண்டை, அது இரண்டாகும், நான்காகும், எட்டாகும். பார்க்கப் பார்க்கத்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருப்பது புலப்படும். ஒன்று, பிரிவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி சும்மா இருக்கும். பிறகு சுத்தமாகப் பிரியும். இன்னொன்று பிரியும்போதே நாலாபக்கமும் துணுக்குகளைச் சிதறடிக்கும். அது நாளைக்குச் சட்டையைக் கழற்றின இடத்திலேயே போட்டுவிட்டுப் போகிற பிள்ளை. சில கருக்கள் உப்பும், சுருங்கும், மறுபடி உப்பும். பொம்மை வாங்கித் தரவில்லை என்று கடைத்தெருவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உருள்கிற ரகம். நாள் வருவதற்கு முன்பே, மேலே மூடியிருக்கிற மெல்லிய உறையை முட்டிக்கொண்டு வெளியே வரப் பார்க்கிறதே, அதைப்பற்றிக் கேட்கவே வேண்டாம். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று 'கிளம்பலாமா, கிளம்பலாமா' என்று உயிரை வாங்கும்.

சிரிக்கிறீர்கள். பரவாயில்லை. என் வீட்டுக்கு மேல்வீட்டில் ஒரு குடும்பம் இருக்கிறது. பிள்ளைகள் நாள் பூராவும் நாற்காலியைத் தரையில் தரதரவென்று இழுப்பார்கள். எதற்கு இழுக்கிறார்கள், எங்கே கொண்டுபோகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருநாள் போய்க் கேட்டதற்கு அவர்கள் அப்பா, "பசங்கன்னா அப்படித்தான் சார் இருக்கும், நாம என்ன பண்றது?" என்றார். நாம என்ன பண்றது. அந்தக் கேள்வியை அவர் சும்மா கேட்டார். நான் சும்மா விடவில்லை. அந்தப் பிள்ளைகளும் ஒரு காலத்தில் ஓர் உருண்டையாக இருந்தவைதானே? ஆரம்பத்திலேயே யாராவது கொஞ்சம் கவனித்துப் பார்த்திருந்தால் அந்த நாற்காலிகள் இருந்த இடத்தில் இருந்திருக்கும்.

முதல் தடவை நான் செய்ததில் தப்பே கிடையாது. இரண்டு கருக்களுக்குக் கம்ப்யூட்டர் ஒரே மார்க் போட்டது. நான் அடக்கமானதை எடுத்துக் கொடுத்தேன். யாராக இருந்தாலும் ஏதோ ஒன்றை எடுக்கத்தான் வேண்டும். அடுத்த தடவை துள்ளுகிறதுக்கு அரை மார்க் கூடுதல். அரை மார்க்கில் என்ன வந்துவிடப் போகிறது என்று அமைதியானதையே எடுத்தேன். அதற்கப்புறம் மார்க்கைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கம்ப்யூட்டர் என்ன, பிள்ளைகளோடு ஒரு வீட்டில் குடியிருந்ததா?

ஆனால் மிச்சம் என்று ஒன்று இருக்கிறதே. நான் ஒதுக்கின துள்ளல் பேர்வழிகள் உறைபெட்டியில் சுகமாக இருப்பார்கள். மூன்று வருஷம் கழித்து அப்பா அம்மா வந்து கேட்டால் வெளியே வந்து நாற்காலியை இழுக்கத்தான் போகிறார்கள். ஒரு வேலையைப் பாதியில் விடுவது எனக்குப் பழக்கமில்லை. அதனால் உறையவைப்பதற்கு முன்பே அவற்றைச் சூட்டுப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். தூசி விழாமல் ஒரு துணி போட்டு மூடினேன். வெளியே கருவுக்குச் சூடு போதாது, காற்றும் சரிப்படாது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். 'தானாக வளர்ச்சி நின்றது' என்று பதிந்தேன். அது பொய்யில்லை, தானாகத்தான் நின்றது. நான் எடுத்த இடத்தில் திருப்பி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

எத்தனை என்று கேட்கிறீர்கள். எண்ணவில்லை. கல்நெஞ்சக்காரன்தான் இதையெல்லாம் எண்ணிக்கொண்டிருப்பான்.

பலன் இருந்ததா என்றால், இருந்தது. குழந்தை பிறந்தவர்கள் தூக்கிக்கொண்டு வந்து காட்டுவார்கள். "எப்படி, ரொம்ப அழுதா?" என்று விசாரிப்பேன். "தங்கமான புள்ள சார், இருக்கிற இடமே தெரியல" என்பார்கள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். ஒரே ஓர் அம்மா மட்டும், "நாங்க தூங்கி எட்டு மாசம் ஆச்சு சார், கத்துற கத்துல பக்கத்து வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க" என்றார். விசாரித்தேன். அவர்கள் வீட்டில் டி.வி. அதிகமாக ஓடுகிறது. கருவின் மேல் குற்றமில்லை.

தங்காமல் போனவையும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அடக்கமான கருக்களில் சில அளவுக்கு மீறி அடக்கமாக இருந்துவிட்டன. டாக்டரம்மா முகம் தொங்கிப்போய், "என்னங்க இது, இந்த வருஷம் இப்படிச் சறுக்குது? பெட்டியில ஏதாவது கோளாறா?" என்று கேட்டார். பெட்டியைக் கழற்றிப் பார்த்தார்கள், வடிகட்டியை மாற்றினார்கள், சுவருக்குப் புதிதாகப் பெயின்ட்கூட அடிக்கப் பார்த்தார்கள். பெயின்ட் வாசனை கருவுக்கு ஆகாது என்று நான்தான் தடுத்தேன். வேலையில் நான் எப்போதும் கவனமானவன்.

அம்மா, நீங்கள் விசாரணைக் குழுத் தலைவர், மரியாதை உண்டு. ஆனால் இது மூன்றாவது தடவை குறுக்கே பேசுகிறீர்கள். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாரே, அவரைப் பாருங்கள். வந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. அவரை என் தட்டில் பார்த்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருப்பேன். உங்களைப்பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

என் தங்கை விஷயத்துக்கு வருகிறேன். அதற்காகத்தானே எல்லாரும் கூடியிருக்கிறோம்.

எனக்கு ஒரே தங்கை. தையல் கடை வைத்திருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர். காலையிலிருந்து சாயங்காலம் வரை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து 'லெஃப்ட்ல ஒடி, கிளச்சை விடு, ப்ரேக்கு, ப்ரேக்கு' என்று கத்துகிற பிழைப்பு. அது பிழைப்போடு நின்றால் சரி. மனிதர் சாப்பிட உட்கார்ந்தாலும் விடமாட்டார். தண்ணீருக்குக் கை நீட்டினால், "மச்சான், கண்ணாடி பார்க்காம கைய நீட்டாதீங்க, பின்னாடி தட்டு வருது" என்பார். சொல்லி முடிப்பதற்குள் அவரே சிரிப்பார். என் தங்கையும் சேர்ந்து விழுந்து விழுந்து சிரிப்பாள். பாவம், புருஷன் மனம் கோணக்கூடாது என்று சிரிக்கிறாள் என நினைத்துக்கொள்வேன்.

கல்யாணமாகிப் பல வருஷம் அவர்களுக்குக் குழந்தை இல்லை. போகாத ஆஸ்பத்திரி இல்லை, குத்திக்கொள்ளாத ஊசி இல்லை. இரண்டு தடவை தங்கிக் கலைந்தது. கடைசியில் எங்கள் மையத்துக்கு வந்தாள். சொந்தக்காரர்களுடையதை நாங்கள் தொடக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. நான் டாக்டரம்மாவிடம் முறையாகச் சொன்னேன். தங்கைதான் பிடிவாதம் பிடித்தாள்.

"வேற யார் கையிலயும் குடுக்காதண்ணா. நீ இருக்கேங்கிற தைரியத்துலதான் இங்க வந்தேன்" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். டாக்டரம்மாவும் சம்மதித்துவிட்டார்.

டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார். முட்டை அநேகமாகத் தீர்ந்துவிட்டது, இன்னொரு தடவை எடுக்க வழியில்லை, இதில் கிடைப்பதுதான். கிடைத்ததில் நன்றாக வளர்ந்தது இரண்டே கரு. தங்கை அந்த இரண்டுக்கும் அப்போதே கணக்குப் போட்டுவிட்டாள். "ஒண்ணு இப்போ. இன்னொண்ணு அதுக்குத் துணைக்கு. நீயும் நானும் மாதிரி ரெண்டு பேர் இருக்கட்டும்ணா" என்றாள். வெளியே மாப்பிள்ளை நர்சிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

படத்தை ஓட்டிப் பார்த்தேன். முதலாவது குறித்த நேரத்துக்குப் பிரிந்தது, கொஞ்சமும் தயங்கவில்லை. உப்பிச் சுருங்கி, உறையை முட்டி, தட்டில் தன் குழிக்குள்ளேயே ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. கம்ப்யூட்டர் அதற்கு முழு மார்க் போட்டது. அதற்கு இன்னும் வாய் முளைக்கவில்லை. ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், அது பேசிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சு யாருடையது என்று எனக்குத் தெரியாதா? இரண்டாவது அப்படியே எங்கள் அப்பா. அப்பாவிடம் எதையாவது கேட்டால் கையிலிருக்கும் பேப்பரை மடித்து வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார். பாதி நேரம் அந்தப் பதிலும் வராது. இதுவும் மெதுவாகப் பிரிந்தது, கொஞ்சம் கோணலாகக்கூட இருந்தது. கம்ப்யூட்டருக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவதை எடுத்துக் கொடுத்தேன். டாக்டரம்மா உள்ளே வைக்கும்போது மாப்பிள்ளை கதவுக்கு வெளியே நின்று, "மெதுவா டாக்டர், மெதுவா, ரிவர்ஸ் எடுத்துடாதீங்க" என்று குரல் கொடுத்தார். படுத்திருந்த தங்கை சிரித்துவிட்டாள். சிரிக்கக்கூடாது, வயிறு குலுங்கும் என்று டாக்டரம்மா அதட்டினார். அதட்டிக்கொண்டே அவரும் சிரித்தார். நான் செய்தது எவ்வளவு சரி என்று அந்த நிமிடத்தில் எனக்கு உறுதிப்பட்டது.

என் அறைக்குத் திரும்பி, முதலாவதை எடுத்து மேசைமேல் வைத்துத் துணி போட்டேன். கை கழுவினேன். கேன்டீனில் டீ குடித்தேன், சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தது. சாயங்காலம் தங்கையைப் பார்க்கப் போனபோது, "இன்னொண்ணு பத்திரமா இருக்காண்ணா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அந்த நேரத்தில் தாய்க்குப் பதற்றம் கூடாது என்பது எல்லா மருத்துவப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது.

கரு தங்கியது. பெண் குழந்தை பிறந்தது. மாப்பிள்ளை மையத்து வாசலில் நின்று போகிற வருகிற எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்தார், ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு மட்டும் இனிப்போடு வண்டியை எப்படித் திருப்பி நிறுத்த வேண்டும் என்ற யோசனையும் கொடுத்தார். நான் தொட்டில் பக்கத்தில் நின்று அப்பா ஜாடையைத் தேடினேன். தூங்கிக்கொண்டிருக்கும்போது இருந்தது.

பேச்சு வரும்வரை எனக்கு நம்பிக்கை இருந்தது. வந்த பிறகு என்ன சொல்ல. அந்தப் பெண் ஒரு முக்காலியில் ஏறி உட்கார்ந்து, சமையலறைத் தட்டு ஒன்றை ஸ்டியரிங் மாதிரி பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் ஓட்டும். நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "மாமா, அங்க நிறுத்தாத! பின்னாடி போ! இன்னும் பின்னாடி! ப்ரேக்கு!" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தும். நான் பின்னாடி போய்ச் சுவரில் முட்டிக்கொள்வேன். தங்கையும் மாப்பிள்ளையும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரிப்பார்கள்.

பல நாள் யோசித்தேன். என் கணிப்பு தவறியிருக்க வழியில்லை. ஆகவே குழி மாறியிருக்கிறது. தட்டில் ஒவ்வொரு கருவும் ஒரு சின்னக் குழியில் இருக்கும், குழிக்கு எண் உண்டு. எண் ஒட்டின மெஷின் மாற்றி ஒட்டியிருக்கிறது. மாப்பிள்ளை உள்ளே போய்விட்டார். மேசைமேல் துணிக்கடியில் கிடந்தது அப்பா. அதை உணர்ந்த அன்றைக்கு நான் அழுதேன். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். நான் ஈரமில்லாதவன் என்று வெளியே பேசிக்கொள்கிறார்களாம்.

இந்தச் சமயத்தில்தான் தங்கை இரண்டாவது குழந்தைக்கு வந்தாள். உறைபெட்டியில் தேடினார்கள், இல்லை. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். "உங்க தங்கச்சிகிட்ட பத்திரமா இருக்குன்னு சொல்லியிருக்கீங்க. இங்க பதிவுல வளர்ச்சி நின்னுபோச்சுன்னு இருக்கு. எதுங்க நிஜம்?"

"அது இருக்கட்டும் டாக்டர். அதைவிடப் பெரிய தப்பு ஒண்ணு நடந்திருக்கு" என்று மெஷின்மேல் புகார் சொன்னேன். "நான் அப்புறப்படுத்தினது ஒண்ணு, போய்ச் சேர்ந்தது ஒண்ணு. இப்படி எண்ண மாத்தி ஒட்டினா நாம எப்படிப் பொறுப்பா வேலை பார்க்கிறது?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அப்புறப்படுத்தினதுன்னா?"

விளக்கினேன். டாக்டரம்மா கடைசிவரை கேட்டார். பிறகு ஆராய்ச்சிக் கணக்கு பார்க்கிற பெண்ணை வரச்சொல்லிப் பழைய படங்களை எல்லாம் ஓட்டச் சொன்னார். அந்தப் பெண் கொஞ்ச நேரத்தில் வெளிறிப்போய், "டாக்டர், நல்லா ஓடிக்கிட்டிருக்கிற படமெல்லாம் திடீர்னு இடைவேளை விட்ட மாதிரி நின்னுடுது. அதுவும் நல்ல மார்க் வாங்கினதாப் பார்த்து" என்றாள். மெஷினைப்பற்றி இருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நீங்களும் இன்னும் கேட்கவில்லை.

தங்கை என் அறைக்கு வந்தாள். பின்னால் மாப்பிள்ளை, தோளில் தூங்குகிற குழந்தையோடு. டாக்டரம்மா அதற்குள் சொல்லிவிட்டிருக்க வேண்டும்.

"ஏண்ணா?" என்றாள்.

சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாக, அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். அது மாப்பிள்ளை சுபாவத்தில் இருந்தது, உனக்கு ஏற்கெனவே ஒருத்தர் போதாதா, உன் நல்லதுக்குத்தான் என்று.

"அவர மாதிரி ஒண்ணு வேணும்னுதானேண்ணா நான் இத்தனை வருஷம் ஊசி குத்திக்கிட்டேன்" என்றாள். "நம்ம வீட்டுல யாருண்ணா சிரிச்சா? அப்பா செத்தப்பகூட நாம பேசிக்கல. அவர் வந்த பிறகுதானே எனக்கு வீடுன்னு ஒண்ணு இருந்துச்சு."

அவள் தேம்பி அழுததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவள். "அழாதம்மா, ஒண்ணும் ஆகல. குழி மாறிப்போச்சு. அவர் மாதிரிதான் உனக்குப் பொறந்திருக்கு. போனது அப்பாதான்" என்று ஆறுதல் சொன்னேன்.

அவள் அழுகை சட்டென்று நின்றது. மாப்பிள்ளை வாயைத் திறந்தார். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு, மறுகையால் தங்கையை அணைத்துப் பிடித்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். இவ்வளவு காலத்தில் அவர் அவ்வளவு நாகரிகமாக நடந்துகொண்டு நான் பார்த்ததில்லை.

ஆமாம், நான்தான் செய்தேன். என் தங்கைக்குச் செய்தேன், மற்றவர்களுக்கும் செய்தேன், யாரும் சொல்லிச் செய்யவில்லை. எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். போட்ட பிறகாவது மெஷினைச் சோதித்துப் பாருங்கள்.

தங்கையைப்பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். தினமும் காலையில் போன் பண்ணித் தொணதொணவென்று பேசுகிறவள், அன்றிலிருந்து பண்ணவில்லை. போன வாரம் நானே அவள் வீட்டுக்குப் போனேன். மூன்று பேரும் உள்ளேதான் இருந்தார்கள். ஜன்னலில் விளக்கு எரிந்தது. நான் நெடுநேரம் வாசலில் நின்றேன், கதவு திறக்கவில்லை, குழந்தைகூட ஒரு சத்தம் போடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கும் மனசுக்குள் அமைதிதான் பிடித்திருந்திருக்கிறது. பாவம், இத்தனை வருஷம் வெளியே சொல்லத் தெரியாமல் இருந்திருக்கிறாள்.